மாப்பிள்ளை வீட்டார் ஜாகை

பாகூர்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள கீர்த்திக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி உன் கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து காணாமல் போய்விட்டது. உனக்குச் சளி விட்டதா? பிரான்சில் காலையில் இப்போதே குளிர்கிறது என்றாயே, காதை மூடிக்கொண்டு போ.

வீடியோ காலில் பேசலாம்தான். நீ திரையில் வந்தால் தெருவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. நேற்று அடுத்த வீட்டு வள்ளியம்மாள் உன்னோடு பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பெரியவ நீ இருக்கசொல்லோ சின்னவளுக்கு முடியுது பாரேன். எல்லாம் நேரம்டி" என்றாள். நான் சிரித்துவைத்தேன். அதனால் நமக்குள் பேச வேண்டியதைப் பழையபடி தபாலில் எழுதுகிறேன்.

தை இருபதாம் தேதி கல்யாணம். பெண் வீட்டார் நாம். மாப்பிள்ளை வீட்டாரை முதல் நாளே நல்ல இடத்தில் இறக்கி, காபி பலகாரம் அனுப்பி, அங்கிருந்து மேளத்தோடு மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டும். விமல் வீட்டில் இருபது பேருக்கு மேல் வருகிறார்கள். அவர்களுக்கு ஜாகை பார்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நீ படம் அனுப்பிய 'அல்லி' ஹோட்டலை அம்மாவோடு போய்ப் பார்த்தேன். வில்லியனூர் தாண்டி, சங்கராபரணி ஆற்றங்கரையில், ஒரு மாந்தோப்புக்குள் இருக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்புகூட அடிக்காமல் சிமெண்டு நிறத்திலேயே விட்டிருக்கிறார்கள். வேலை முடியவில்லையா என்று கேட்டேன். அதுதான் ஸ்டைல் என்றாள் வரவேற்பறைப் பெண். மண் தம்ளரில் நன்னாரி சர்பத் கொடுத்தாள். ஒவ்வொரு கட்டிலிலும் ஆறு தலையணை. அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கு ஆறு தலகாணி இன்னாத்துக்குடி?" என்று சத்தமாகக் கேட்டாள். குளியலறைக்கு ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாழைமரம்தான், ஆனாலும் சம்பந்தி வீட்டுப் பெரியவர்களை நினைத்துப் பார்.

எனக்கு மனதில் பட்டதைச் சொல்கிறேன். நம் ஏரிக்கரைத் துரை பங்களா இருக்கும்போது வெளியே போவானேன்? மண்டபத்துக்கு நடந்தே வரலாம். யோசித்து எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
தென்றல்


துலூஸ்
21 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. விமலுக்கு ஒட்டிக்கொண்டது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கல்லூரி நூலகத்தில் இன்னும் மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத்தான் பிரிக்கிறாயா?

உன் கடிதத்தை விமலுக்கு வாசித்துக் காட்டினேன். தலையணை இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். "உங்க அக்கா ஏன் எழுத்தாளர் ஆகலை?" என்று கேட்கிறான்.

அக்கா, எனக்கு 'அல்லி' பிடித்திருக்கிறது. சாரதா அத்தை, அதுதான் என் வருங்கால மாமியார், பல வருடம் கழித்து ஊருக்கு வருகிறார். விமலின் தாத்தா கரையாம்புத்தூரிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன சொல்தா. அங்கே இப்போது அவர்களுக்கு வீடும் இல்லை, ஆளும் இல்லை. வருகிற இடத்திலாவது சௌகரியமாக இருக்கட்டும் என்று பார்க்கிறேன். துரை பங்களாவை நான் மதில் சுவருக்கு வெளியே இருந்துதான் பார்த்திருக்கிறேன். உள்ளே எப்படி இருக்கும்?

உன் நிச்சயம் நின்றபோது எனக்குப் பரீட்சை என்று யாருமே ஒன்றும் சொல்லவில்லை. ஏதோ தகராறு என்று மட்டும் தெரியும். இந்தத் தடவை எதையும் மறைக்காமல் எழுது. நீ ஊரில் இருக்கிறாய், உன் கண்ணை நம்புகிறேன்.

அம்மா அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கீர்த்தி


பாகூர்
6 அக்டோபர் 2024

அன்புள்ள கீர்த்திக்கு,

நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. விமலுக்கு மிளகுக் கஷாயம் போட்டுக் கொடு.

என் கடிதத்தை இனி யாருக்கும் வாசித்துக் காட்டாதே. உனக்கு எழுதுவது உனக்குத்தான்.

துரை பங்களாவுக்கு நேற்று போனேன். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஏரியைப் பார்வையிட வருகிறவர்கள் தங்கக் கட்டியது. இப்போது அரங்கநாதன் மாமாதான் எடுத்து நடத்துகிறார். உள்ளே ஒரு கூடம், ஐந்து அறைகள். சுவர் அவ்வளவு கனம், வெளியே வெயில் அடிப்பதே தெரியாது. தேக்குக் கதவைத் தள்ளினால் பெரிய மனிதர் பேசுவதைப் போல மெதுவாகத் திறக்கிறது. பின் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் ஏரி முழுவதும் கண்ணுக்கு முன்னால். நான் போனபோது நீர்க்காக்கைகள் சிறகைக் காயவைத்துக்கொண்டிருந்தன. படம் எடுத்தால் 'அல்லி' அழகாக இருக்கும். இருந்து பார்த்தால் இதுதான் அழகு. இப்படி ஒரு இடத்தில் தங்கியதை சாரதா அம்மா ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

குளியலறைகள் பின்கட்டில் இருக்கின்றன.

இன்னொன்று. என் நிச்சயத்தில் மாற்றிக் கட்ட எடுத்து, கட்டாமலே பீரோவில் இருக்கிற மாம்பழ நிறப் பட்டுப் புடவையை உன் நலங்குக்குத் தரலாமா என்று அம்மா கேட்டாள். "மடிப்புகூட கலையலடி, வீணாத்தான கெடக்குது" என்றாள். தாராளமாகக் கொடு என்று சொல்லிவிட்டேன். அந்த நிறம் உனக்கு எடுக்கும். உனக்கு எல்லா நிறமும் எடுக்கும்.

உன் முடிவை எழுது.

அக்கா,
தென்றல்


பாகூர்
15 அக்டோபர் 2024

மகள் கீர்த்திக்கு அப்பா தேவநாதன் ஆசியுடன் எழுதுவது.

நீ அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே அப்படியே இருக்கிறோம். போனில் பேசினால் தென்றல் காதில் விழும், அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

ஜாகைக்குத் துரை பங்களா என்று அவள் உனக்கு எழுதியிருப்பதாக அம்மா சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் நிச்சயத்துக்கு வந்த திண்டிவனத்துக்காரர்களை அங்கேதான் நான் இறக்கினேன். அரங்கநாதன் என் சிநேகிதன், அந்த உரிமையில் செய்தேன். மறுநாள் காலை அவர்கள் மண்டபத்துக்கு வரவில்லை. தென்றல் அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். பையனின் சித்தப்பன் மட்டும் மண்டப வாசலில் வந்து நின்று, "வாளிய தூக்கினு க்யூவுல நிக்கணுமா? இதெல்லாம் ஒரு ஜாகையா? எங்கள இன்னா ஆளுன்னு நெனச்சீங்க?" என்று கத்திவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டான். அவள் அதைக் கேட்டாள். அன்றிலிருந்து என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள். இடம் பார்த்த அப்பாவால் வாழ்க்கை போயிற்று என்று நினைக்கிறாள்.

பிறகு தரகர் சிவப்பிரகாசம் வந்து நடந்ததைச் சொன்னார். பையனுக்குத் தென்றலைப் பிடிக்கவில்லை. முதல் நாளே வேண்டாம் என்றுவிட்டான். பெரியவர்கள் சாக்கு தேடினார்கள், குளியலறை கிடைத்தது. இதை நான் அவளிடம் எப்படிச் சொல்வேன்? அப்பன்மேல் கோபமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அவளே அந்த இடத்தைச் சொல்கிறாள். எதற்காக என்று எனக்கு விளங்குகிறது. அதை ஒரு அப்பன் எழுதக்கூடாது. உன் சம்பந்தத்துக்கும் அப்படி ஒன்று வந்துவிடக்கூடாது. நீ 'அல்லி' என்றே சொல்லிவிடு, அவள் மனம் கோணாமல் சொல்.

நேரத்துக்குத் தூங்கு.

அப்பா


பாகூர்
12 நவம்பர் 2024

கீர்த்திக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் வாரத்துக்கு இரண்டு தடவை அம்மாவோடு திரையில் சிரித்துக்கொண்டிருக்கிறாய். என் கடிதத்துக்கு மட்டும் பதில் இல்லை.

தீபாவளிக்கு சாரதா அம்மா வீடியோ அனுப்பியிருந்தார். "எங்க கீர்த்தி சுட்ட அதிரசம்" என்கிறார். அதிரசத்துக்குப் பாகு பதம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அவரிடம் சொன்னாயா?

அம்மா அந்த வீடியோவைக் கோயிலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். நான் பேருந்தில் வில்லியனூர் போகிறேன், புத்தகங்களுக்கு எண் போடுகிறேன், திரும்பி வருகிறேன். என்னை யாரும் வீடியோ எடுப்பதில்லை. எடுத்தால் எனக்குப் பிடிக்காது, அது வேறு.

'அல்லி'யில் அறை வேண்டுமானால் இந்த மாதமே சொல்ல வேண்டும். எது என்று எழுது. உன் இஷ்டம். எனக்கு இதில் ஒன்றும் இல்லை.

தென்றல்


துலூஸ்
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்குத் தலைவலி அடிக்கடி வருவதாக அம்மா சொன்னாள், கண் டாக்டரைப் பார்.

துரை பங்களாவே இருக்கட்டும். சாரதா அத்தையிடம் சொல்லிவிட்டேன். யார் பார்த்த இடம் என்று கேட்டார். அக்கா பார்த்தது என்றேன். "அப்ப சரி, வேற பேச்சே வேணாம்" என்றார். அன்றைக்கு ஆலத்தி எடுத்து அவர்களை ஜாகையில் இறக்குவது நீதான். வேறு யாரையும் விடாதே.

அதிரசப் பாகு நீ சொல்லிக்கொடுத்தது என்று அத்தைக்குத் தெரியும். முதல் தடவை பாகு முறிந்தபோதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
கீர்த்தி


துலூஸ்
24 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். மாத்திரையை மறக்காதீர்கள்.

நீங்கள் எழுதியதைப் பல தடவை படித்தேன். அக்காவுக்குத் துரை பங்களா என்றே எழுதிவிட்டேன். கோபப்படாதீர்கள். அந்த இடத்தின்மேல் குற்றம் இல்லை என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள், பிறகு பயம் எதற்கு? நான் 'அல்லி' என்றால், தன் மனதில் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கமாட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு சாரதா அத்தை க்யூவில் நின்றால் நிற்கட்டும்.

அவளிடம் எதையும் சொல்லாதீர்கள். நானும் சொல்லமாட்டேன்.

உங்கள் மகள்,
கீர்த்தி


பாகூர்
15 டிசம்பர் 2024

அன்புள்ள கீர்த்திக்கு,

நலம். கண்ணாடி மாற்றினேன், தலைவலி விட்டது. பாகூர் முழுக்கப் புயல் தண்ணீர் நின்று, இப்போதுதான் வடிந்திருக்கிறது. கரும்பு கொஞ்சம் சாய்ந்ததோடு தப்பித்தோம்.

இவ்வளவு சுலபமாக நீ சம்மதிப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீ சின்ன வயதில் ஒரு ரிப்பனுக்குக்கூட இரண்டு நாள் சண்டை போடுகிறவள்.

மழையில் துரை பங்களாவில் ஒரு அறை ஒழுகியது. அரங்கநாதன் மாமா ஓடு மாற்றிவிட்டார். ஏ.சி. கிடையாது, தெரியும் அல்லவா? ஏரிக்கரை, கொசு இருக்கும். வெந்நீர் வெளியே அண்டாவில் போட்டுத்தான் எடுத்து வர வேண்டும். அங்கே இருக்கிற குளியலறை இரண்டே இரண்டு. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

'அல்லி'யில் கேட்டேன். இன்னும் அறைகள் இருக்கின்றனவாம். இப்போதுகூட மாற்றலாம். உடனே பதில் எழுது.

அக்கா,
தென்றல்


பாகூர்
3 மார்ச் 2025

அன்புள்ள கீர்த்திக்கு,

நீயும் விமலும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக அம்மா சொன்னாள். உன் புது வீட்டில் எல்லோருக்கும் சுகம்தானே? அம்மாவுக்கு மறுபடியும் முழங்கால் வலி வந்துவிட்டது. வீடு அமைதியாகிவிட்டது அல்லவா.

என் டிசம்பர் கடிதத்துக்கு நீ பதில் எழுதவே இல்லை. வந்த இடத்திலும் கேட்க நேரம் இல்லை. இப்போது நான் எழுதுவதை ஒரே மூச்சில் படித்துவிடு.

உன் கல்யாணத்துக்கு முதல் நாள் நான் ஆலத்தித் தட்டோடு துரை பங்களா வாசலில் நின்றேன். எதற்காக நின்றேன் தெரியுமா? சாரதா அம்மா முகம் சுளிப்பதைப் பார்க்க. திண்டிவனத்துக்காரர்கள் என்னை விட்டுப் போனது இந்த இடத்திலிருந்துதான். இதே கூடம், இதே பின்கட்டு. உனக்கும் ஒரு சுளிப்பு வேண்டும் என்று நினைத்தேன். கல்யாணம் நிற்க வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. உன்னை ஒரே ஒரு பேச்சு பேசினால் போதும், அது உனக்கு ஆயுசுக்கும் உறுத்தினால் போதும் என்று நினைத்தேன். டிசம்பரில் பயந்துதான் அப்படி எழுதினேன். நீ பதில் போடவில்லை, நான் மறுபடி கேட்கவும் இல்லை.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, நீ மண்டபத்தில் மருதாணியோடு இருந்தாய். சாரதா அம்மா இறங்கினார். ஆலத்தித் தண்ணீரை நான் கொட்டுவதற்குள் உள்ளே போய்விட்டார். பின்கட்டுக்குப் போனார். நானும் தட்டோடு பின்னாலேயே போனேன். அங்கே வாளிகள் வரிசையாக இருந்தன. "அடியம்மா, எவ்ளோ வருஷமாச்சிடி இப்படி மொண்டு ஊத்திக் குளிச்சி!" என்று கத்தினார். விமலின் தங்கை வாளியைப் படம் எடுத்தாள். காலையில் குளியலறை முன்னால் வரிசை நின்றது. நான் எதிர்பார்த்த அதே வரிசை. விமலின் சித்தப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "டேய், ரேஷன் கடையில கூட இவ்ளோ கூட்டம் இல்லடா. உள்ள இன்னா தூங்கறானா?" என்று கதவைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

பிரான்சிலிருந்து வந்தால் வாளிகூட அழகுதான் என்று முதலில் நினைத்தேன். எனக்கு அவமானமாக வந்தது உனக்கு வேடிக்கையாக வருகிறது, உனக்கு எப்போதும் அப்படித்தான் என்று நினைத்தேன். அன்று மேளம் எல்லாம் என் நெஞ்சில்தான் அடித்தது.

பிறகு சாரதா அம்மா என் கன்னத்தைத் தொட்டு, "உன் தங்கச்சிக்காக ஓட்டைக் குடிசையில கூட படுப்போம் கண்ணு. பொண்ணு புடிச்சிட்டா எடம் இன்னா எடம்?" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். நான் ஒரு மாதமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெண் பிடித்துவிட்டால் இடம் ஒரு பொருட்டில்லை. அப்படியானால் அன்று அவர்களுக்குப் பிடிக்காமல் போனது எது?

அப்பா உனக்கு ஏதாவது எழுதினாரா? பாகூர் தபாலாபீஸில் அவர் உனக்குத் தபால் போட்டதாக அங்கே இருக்கிற குமரவேல் என்னிடம் சொன்னான். உண்மையை மட்டும் எழுது. ஆறுதல் எழுதினால் கிழித்துவிடுவேன்.

தென்றல்


துலூஸ்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்த பிறகு இதை எழுதுகிறேன்.

ஆமாம், எழுதினார். அந்தப் பையன் வேண்டாம் என்று சொன்னதுதான் காரணம். துரை பங்களா வெறும் சாக்கு. அப்பாவுக்கு அது தரகர் மூலம் தெரியும். நீ தன்னைக் கோபித்துக்கொள்வது, உன்னையே நீ வெறுப்பதைவிட மேல் என்று அவர் சும்மா இருந்துவிட்டார்.

நீ என்ன நினைத்து அந்த இடத்தைச் சொன்னாய் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சரி என்றேன். டிசம்பரில் பதில் எழுதாததும் அதனால்தான். இதில் என் பெருந்தன்மை ஒன்றும் இல்லை, அக்கா. நீ தோற்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

ஆறுதல் வேண்டாம் என்றாய். ஆறுதல் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவின் கடிதம் வந்த அன்று எனக்கு உன்மேல் இரக்கம் வரவில்லை. ஒரு மாதம் பதில் எழுதாமல் இருந்தேனே, அது முழுவதும் வயிற்றெரிச்சல். செய்யாத தப்புக்கு மூன்று வருடம் உன் கோபத்தை வாங்கிக்கொண்டு ஒருவர் அதே வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார். என்னைப் படிக்க அனுப்பினார், கல்யாணம் செய்து கொடுத்தார், கடன் கட்டினார், எல்லாம் செய்தார். எனக்காக அப்படி ஒரு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. உனக்கு எப்போதும் அப்படித்தான்.

விமலுக்கு இந்தக் கடிதத்தை நான் காட்டவில்லை.

கீர்த்தி


பாகூர்
30 ஏப்ரல் 2025

அன்புள்ள கீர்த்திக்கு,

நலம். உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. இரண்டு நாள் அழுதேன். அம்மா கேட்டதற்குக் கண்ணாடி சரியில்லை என்றேன். "ரெண்டாயிரம் ரூபா கண்ணாடி, நாலு மாசம் தாங்கலியா?" என்று கடைக்காரனைத் திட்டினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா கரும்புக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். டீ எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அவர் தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, அம்மா எங்க?"

"வூட்லதான் இருக்குது. நான் குடுக்கக்கூடாதா?"

வாங்கி ஒரு வாய் குடித்தார். "சக்கரையே போடல."

"உங்களுக்கு இன்னாத்துக்குச் சக்கரை?"

"அதானே," என்றார். வாய்க்கால் மடை உடைந்து தண்ணீர் பக்கத்துப் பாத்தியில் போய்க்கொண்டிருந்தது, இருவருமே அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அப்பா, அந்தத் திண்டிவனத்துப் பையன் என்னப் பத்தி இன்னாபா சொன்னான்?"

அவர் கை மண்வெட்டிமேல் அப்படியே இருந்தது. நான் எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிய நேரம் ஆனது. சொல்லமாட்டேன் என்றார். நான் விடவில்லை. கடைசியில் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், ஏரியைப் பார்த்துச் சொன்னார். அவன் சொன்ன வார்த்தையை அப்படியே, அவன் குரலிலேயே சொன்னார்.

எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. அப்பா பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பது நிஜம்தான் என்று தெரிந்ததும் அவரும் சிரித்தார். மூன்று வருடமாக அவர் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்துவிட்டிருக்கிறேன், கீர்த்தி. தோள் இரண்டும் குலுங்கும். இருட்டும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

எழுந்து வரும்போது, "இத தங்கச்சிகிட்டகூட சொல்லாத. நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றார்.

அதனால் அந்த வார்த்தை என்னவென்று உனக்கு எழுதமாட்டேன். நீ எத்தனை கடிதம் போட்டுக் கேட்டாலும் சொல்லமாட்டேன். உனக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டும்.

வெயில் வந்துவிட்டதா அங்கே? விமலையும் சாரதா அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
தென்றல்